நாக்கு மேஸ்திரியும் அமாவாசை வெற்றிலையும்

பிரெஞ்சு இந்தியா முழுவதிலும் தண்ணீரை நம்பாத ஒரே மனிதர் எங்கள் நாக்கு மேஸ்திரிதான். கடன்காரனை நம்புவார், கட்டுவிரியனைக்கூட நம்புவார். குழாயில் வரும் தண்ணீரை மட்டும் நம்பமாட்டார். "அது இன்னிக்கி முன்னால வரும், நாளைக்கி பின்னால போவும். மூஞ்சியப் பாத்து சொல்ல முடியாதுபா" என்பார்.

ஊரின் பெயர் வேண்டாம். வில்லியனூரில் மாட்டுவண்டி ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடும். முப்பதுகளில் நான் அங்கே மேரியில் குமாஸ்தா. அவசரப்படாதீர்கள். கொம்யூன் என்கிற ஊராட்சியின் தலைவருக்கு மேர் என்றும், அவருடைய ஆபீசுக்கு மேரி என்றும் பெயர். "இவரு எந்நேரமும் மேரியே கதின்னு கெடக்கிறாரு" என்று என் மனைவி வெளியூரிலிருந்து வந்த தன் அம்மாவிடம் சொல்லப்போக, மாமியார் ஊருக்குத் திரும்பும்வரை என்னோடு பேசவில்லை.

மேரியை ஒட்டி நாலு தூண்மேல் ஓர் இரும்புத் தொட்டி உண்டு. அதிலிருந்து ஒரே குழாய் புறப்பட்டு மேரிக்கும், ஆஸ்பத்திரிக்கும், சந்தைக்கும், சில பெரிய வீடுகளுக்கும், கடைசியாக ஊர்க்கோடியில் மேரின் மச்சினர் நடத்திய நீலச் சாயப்பட்டறைக்கும் போகும். கிளை பிரிகிற இடத்திலெல்லாம் ஓர் இரும்புப் பெட்டி. பெட்டிக்குள் தோலில் வெட்டிய ஒரு மூடி தொங்கும். தண்ணீர் உள்ளே போனால் திறக்கும், திரும்பி வரப் பார்த்தால் மூடிக்கொள்ளும். அந்தத் தோலுக்குப் பெயர் நாக்கு. அதைக் கட்டி மேய்த்ததால் அவர் நாக்கு மேஸ்திரி. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

"தொட்டில தண்ணி கொறஞ்சா கொழாயி காத்த உறிஞ்சும்பா. காத்து கெடைக்கலன்னா இன்னாத்த உறிஞ்சும்? சாயத்தொட்டில ரப்பர் கொழாயி முழுவிக்கினு கெடக்குதே, அந்தச் சாயத்த உறிஞ்சும். அப்பாலத் தொட்டிய ரொப்பித் தொறந்து வுட்டா, அது நேரா உன் வூட்டு சொம்புல வந்து நிக்கும். நாக்கு நல்லா இருந்தா நாம பொழச்சோம்" என்று கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் பாடம் நடத்துவார்.

ஆகவே மாதம் தவறாமல் சோதனை. நாள், அமாவாசை. "தேதி வெச்சா மறந்துடுவீங்க. அமாவாசைய எவனாச்சும் மறப்பானா?" தொட்டியின் அடித்திருகை மூடுவார். சந்தைக்குக் கீழே வாய்க்கால் ஓரம் இருக்கும் வடிகுழாயைத் திறந்துவிடுவார். பிறகு வீடு வீடாகப் போய், குழாயைத் திறந்து அதன் வாயில் ஈர வெற்றிலை ஒன்றை வைப்பார். வெற்றிலை உதிர்ந்தால் நாக்கு நலம். குழாய் அதை 'சப்'பென்று உள்ளே இழுத்துப் பிடித்தால் நாக்கு போச்சு. வெற்றிலை அந்தந்த வீட்டுக்காரர் தரவேண்டும். சோதனை முடிந்ததும் அதை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "பாக்கு இருக்குதா தாயி?" என்பார். வெற்றிலைக்கு அலைகிறவன் கட்டிய வேஷம் என்றுதான் பாதி ஊர் நினைத்தது.

மீதி ஊர் பெட்டிக்குள் ஏதோ தெய்வம் இருப்பதாக நினைத்தது. அமாவாசைக்கு அமாவாசை ஒருவர் வந்து வெற்றிலை வைத்தால் வேறென்ன நினைப்பார்கள்? பெண்கள் பெட்டிக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றத் தொடங்கினார்கள். மேஸ்திரி பதறிப் போய், "இது சாமி இல்ல தாயி, மாட்டுத் தோலு!" என்று கத்திவிட்டார். அவ்வளவுதான், அன்றைக்கே ஊர் கிணற்றுக்குத் திரும்பிவிட்டது. மறுநாள் அவர் தெருத்தெருவாகப் போய் "மாடு இல்ல, எரும! எரும!" என்று கூவிய பிறகுதான் குழாயடியில் மறுபடி குடம் தெரிந்தது.

அந்த 'நாக்கு' என்ற சொல்தான் அவருக்கு வினை. ஒரு மிராசுதார் வீட்டில் சோதனையை முடித்துவிட்டு அந்த வீட்டு அம்மாளிடம், "உங்க வூட்ல நாக்கு செத்துப்போச்சும்மா" என்று சொல்லிவிட்டார்.

"ஆருக்கு?"

"வூட்டுக்கேதான். ரொம்ப நாளா செத்துக் கெடக்குது."

"என் சமையல்ல இன்னாய்யா கொற கண்ட நீ?" என்று அந்த அம்மாள் ஒரு பிடி பிடித்தார். ஆனாலும் நல்ல மனசு, உள்ளே போய் நார்த்தங்காய் ஊறுகாயோடு ஒரு இலைச் சோறு போட்டார். மேஸ்திரி எதையும் விளக்காமல் சாப்பிட்டு முடித்துவிட்டு, அப்புறம் தோலை மாற்றினார்.

எல்லா வீட்டிலும் ஊறுகாய் கிடைக்குமா? ஓர் அமாவாசையன்று மேர் உடம்பெல்லாம் பிரெஞ்சு சோப்பு நுரையோடு நின்றபோது மேஸ்திரி தண்ணீரை நிறுத்திவிட்டார். அந்த எரிச்சல் ஆறுவதற்குள், கூட்டம் நடந்துகொண்டிருந்த மேரிக்குள் நுழைந்தார்.

"மேர் ஐயா, ஒரு வார்த்த. உங்க மச்சான் பட்டறைல நாக்கு தடிச்சிப்போச்சு."

மச்சினர் எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இன்னாடா சொன்ன?"

"ரொம்பத் தடிச்சிப்போச்சுங்க. மடங்க மாட்டேங்குது. அறுத்துப் போட்டாத்தான் ஊருக்கு நல்லது."

"ஆரு நாக்கடா அறுக்கப் போற?"

"உங்களுதுதாங்க. வேற ஆருது?"

நான் "தோல், தோல்" என்று குறுக்கே கத்தினேன். மச்சினர் அதைத் தன் தோலை உரிக்கப் போவதாக எடுத்துக்கொண்டார். நாற்காலி விழுந்தது, மைக்கூடு பறந்தது. சாயங்காலத்துக்குள் மேஸ்திரிக்கு வேலை போய்விட்டது. அமாவாசைச் சோதனையும் அத்தோடு நின்றது. பட்டறையில் அந்தக் கெட்ட நாக்கு அப்படியே தொங்கியது.

மனுஷன் நெட்டப்பாக்கம் பக்கம் மதில் பூசப் போனார். கூலி கிடைத்தது, மரியாதை போய்விட்டது. "இன்னா மேஸ்திரி, தண்ணி திரும்பிச்சா?" என்று வண்டிக்காரன் முதல் வாத்தியார் வரை கேட்டுச் சிரித்தார்கள். அத்தனை வருஷம் கத்தியும் ஒரு சொம்புத் தண்ணீர்கூட நிறம் மாறியதில்லையே! அவர் சோதித்ததால்தான் மாறவில்லை என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? எனக்கு வயிறெரிந்தது.

ஜூலை மாதத்தில் பிரெஞ்சுக்காரர்களின் கொடி விழா வந்தது. புதுச்சேரியிலிருந்து பெரிய துரை வருகிறார். புழுதி அடங்க, வாய்க்கால் ஓரத்து வடிகுழாயைத் திறந்து தெரு முழுக்க நனைக்கும்படி மேர் உத்தரவு போட்டார். அதாவது தொட்டி காலியாகும், குழாய் பட்டறைச் சாயத்தை உறிஞ்சும். நான் மேஸ்திரியைத் தேடி ஓடினேன்.

"வாயத் தொறக்காதீங்க மேஸ்திரி. வரட்டும் நீலமா. தொர கையில எலுமிச்ச சர்பத்து நீலமா நிக்கட்டும். மேரே உங்க வூட்டுக்கு வந்து கையப் புடிச்சிக் கூப்புடுவாரு."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "தொர மீசையும் நீலமாயிடும் இல்ல?" என்றார். பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அதப் பாத்துட்டா போதும்பா எனக்கு. என் வேலையும் வந்துடும், மானமும் வந்துடும்."

விழாவன்று காலையிலேயே தெருவை நனைத்து முடித்தார்கள். பிறகு தொட்டியை நிரப்பித் திறந்துவிட்டார்கள். மேரிக் குழாயிலிருந்து சர்பத்துக்குத் தண்ணீர் பிடித்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்தது. பளிங்கு போல வந்தது! துரை வாங்கிக் குடித்தார், மீசையைத் துடைத்தார், இன்னொரு கிளாஸ் கேட்டார். நாசமாய்ப் போக!

மேருக்கு ஒரே குஷி. மேடையேறி, "மாசக்கணக்கா சோதனையும் கெடையாது, கீதனையும் கெடையாது. இன்னா கெட்டுப்போச்சு? இந்த ஊர்த் தண்ணிக்கு நாக்கும் வேணாம், மூக்கும் வேணாம்!" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பின்வரிசையில் ஒருவர் எல்லோரையும்விட ஓங்கிக் கைதட்டினார். திரும்பிப் பார்த்தேன். எங்கள் மேஸ்திரி. இரண்டு கையும் முழங்கை வரைக்கும் அசல் நீலம்.

எனக்குப் புரிந்துவிட்டது. காலையில் எல்லோரும் தெருவை நனைப்பதில் கவனமாக இருந்தபோது, பட்டறைப் பெட்டியைத் திறந்து புது நாக்கு வைத்திருக்கிறார். எழுந்து கத்தப் போனேன். அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையசைத்தார்.

கூட்டம் கலைந்ததும் பிடித்துக்கொண்டேன். "இன்னா மேஸ்திரி இப்படிப் பண்ணிட்டீங்க? வேலையும் போச்சு, மானமும் போச்சே!"

"தொரையப் பாக்கலாம்னுதான்பா காலைலயே, தெருவ நனைக்கிறதுக்கு முன்னாலயே வந்தேன். கொடி புடிக்க வந்த பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க அல்லாம் சந்தைக் கொழாயில வாய வெச்சிக் குடிச்சிக்கினு இருந்துச்சுங்க. ஒரு மீசைக்காவ அதுங்க வாயில சாயத்த ஊத்த முடியுமா?" என்றார். பிறகு கொஞ்சம் வருத்தத்தோடு, "ஆனா அந்த மீச நல்லாத்தான் இருந்துருக்கும்" என்றார்.

வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் நான் மேரியில் இருந்தவரை, தொட்டித் திருகின் சாவி மாதத்தில் ஒரு காலைப்பொழுது, அமாவாசையன்று மட்டும், ஆணியில் தொங்காது. மேர் கேட்கும்போதெல்லாம் நான் மும்முரமாகத் தேடுவேன். மத்தியானம் அது தானாக வந்து தொங்கும். நான் அந்த ஊரில் குடித்த ஒவ்வொரு வாய்த் தண்ணீரும் அந்த மனுஷன் கொடுத்தது என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.