நெருப்பைக் குறை அண்ணை

திருகோணமலையில் தன் முதலாளியின் வியாபாரத்தைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டு திரிந்த தொழிலாளி யார் என்று கேட்டால், உட்துறைமுகப் பக்கம் எந்தச் சந்திலும் ஒழுங்கையிலும் ஒரே பதில்தான் வரும்: நெருப்பைக் குறை அண்ணை. அவருக்குப் பெற்றோர் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எங்கள் யாருக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அதைச் சொல்லிக் கூப்பிட்டிருக்க மாட்டோம்.

வீடு வீடாக ஓட்டோவில் காஸ் சிலிண்டர் கொண்டுவந்து கொடுப்பது அவருடைய வேலை. காஸ் விற்கிறவர் விரும்ப வேண்டியது என்ன? சனங்கள் அடுப்பை நன்றாக எரிக்க வேண்டும், சிலிண்டர் கெதியாக முடிய வேண்டும். இவரோ சிலிண்டரை இறக்கி, ரெகுலேட்டரைப் பூட்டி, அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்த கையோடு, "நெருப்பைக் குறையுங்கோ, தங்கச்சி" என்பார். சொல்வதோடு விட்டால் பரவாயில்லை. கையும் போகும். நாங்கள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அடுப்புத் திருகைப் பிடித்துத் திருப்பிவிடுவார். நீலமாக எரிந்த நெருப்பு, எரிகிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டிய அளவுக்குச் சுருங்கிவிடும்.

ஒருநாள் முதலாளி கடை வாசலில் வைத்தே கத்தினாராம். "நான் காஸ் விக்கிறன், நீ காஸ் மிச்சம் பிடிக்கிறாய்! ரெண்டு பேரும் ஒரு கடையில இருக்க ஏலாது!"

அண்ணை அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "முதலாளி, நீங்களும் கொஞ்சம் குறையுங்கோ."

நான் அந்த ஒழுங்கையை விட்டு லிங்கநகருக்கு வந்து கொஞ்சக் காலமாகிறது. ஆனால் அங்கே நான் இருந்த இருப்பு இன்னும் உடம்பில் நிற்கிறது. கணவருக்குக் கப்பலில் வேலை. வருடத்தின் பெரும்பகுதி அவர் எனக்குத் தொலைபேசிக்குள்தான் இருப்பார். எனக்குக் கந்தோர். மகளுக்குப் பள்ளிக்கூடம், ரியூசன். உலகத்தில் எத்தனையோ பெரிய கேள்விகள் உண்டு என்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இன்றைக்கு என்ன கறி? விடியக் கண் திறக்க முதல் அது வந்து கட்டில் காலடியில் நிற்கும். கந்தோரில் கோப்புகளுக்குள் இருந்து எட்டிப் பார்க்கும். பஸ்ஸில் எனக்கு இடம் கிடைக்காவிட்டாலும் அதற்கு இடம் கிடைத்துவிடும். பின்னேரம் வீட்டுப் படலையைத் திறந்தால், எனக்கு முன்னமே குசினிக்குள் போய்க் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும். அதனால் நான் சமைப்பதெல்லாம் முழு நெருப்பில். ஒரு பக்கம் சோறு பொங்கி வழிய, மறுபக்கம் பருப்பு அடிப்பிடிக்க, எல்லாவற்றையும் முடித்துப் போட்டுவிட்டுப் படுத்தால் போதும் என்றிருக்கும்.

அந்த நேரம் பார்த்து அண்ணை வருவார். மூடியைத் திறந்து சட்டிக்குள் எட்டிப் பார்ப்பார். பிறகு புத்திமதி.

அண்ணைக்குச் சொந்தமாக அடுப்புக் கிடையாது. கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. மூன்று வேளையும் சந்தியில் உள்ள சாப்பாட்டுக் கடை. ஆகவே அவருக்குத் தெரிந்த சமையல் முழுவதும் எங்கள் குசினிகளில் பொறுக்கியதுதான். பக்கத்து வீட்டு நஸீரா ராத்தா சொன்னதை என்னிடம் சொல்வார். (எங்கள் ஊரில் முஸ்லிம் அக்காமாரை ராத்தா என்றுதான் கூப்பிடுவோம்.) என்னிடம் பார்த்ததை ஒழுங்கை முடிவில் இருந்த மரியா ரீச்சரிடம் சொல்வார். சிக்கல் என்னவென்றால், ஓட்டோ ஒரு படலையிலிருந்து அடுத்த படலைக்குப் போகும் குலுக்கத்திலேயே அவர் தலைக்குள் இருந்த குறிப்புகளெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

மாட்டிறைச்சி கெதியாக அவிய, பப்பாசிக்காயை அரைத்துப் பூசி வைப்பது நஸீரா ராத்தாவின் வழக்கம். அந்தக் குறிப்பு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நான் கணவாய் மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். காலையில் இறக்கக்கண்டியிலிருந்து வந்த அருமையான கணவாய்.

"பப்பாசிக்காய் பூசி வையுங்கோ, தங்கச்சி. பஞ்சு மாதிரி வரும்."

களைத்துப் போன மனுசி எதையும் நம்புவாள். பூசி வைத்தேன். பஞ்சு வரவில்லை, பசை வந்தது. மகள் கோப்பையைச் சரித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது சாப்பிடுறதுக்கோ, கொப்பிக்கு உறை ஒட்டுறதுக்கோ?" என்று கேட்டாள்.

அடுத்த முறை அவர் வந்தபோது முறையிட்டேன். கவனமாகக் கேட்டார். தாடையைச் சொறிந்தார். "நீங்கள் நெருப்பைக் குறைக்கேல்லைப் போல" என்றார்.

இன்னொரு முறை. அரிசியில் வண்டு பிடிக்காமல் இருக்க நான் வாளிக்குள் செத்தல் மிளகாய் போட்டு வைப்பேன். அது மரியா ரீச்சர் வீட்டுக்குப் போனபோது, சீனிக்கு எறும்பு வராத மருந்தாகிவிட்டது. செத்தலும் பழையது, தொட்டால் நொறுங்குவது. அந்தக் கிழமை மாதா கோயில் சுவாமியார் வீடு சந்திக்க வந்திருக்கிறார். ரீச்சர் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, காலமான தன் கணவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாராம். சுவாமியார் ஒரு மிடறு குடித்தார். கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. இப்படி இரக்கமுள்ள ஒரு குருவானவர் பங்குக்கு வாய்த்தாரே என்று ரீச்சரும் சேர்ந்து அழுதாராம். தன் தேத்தண்ணியை வாயில் வைத்த பிறகுதான் அவருக்கு விசயம் விளங்கியது.

ரீச்சர் அண்ணையை நடு ஒழுங்கையில் மறித்துப் பிடித்தார். அண்ணை பதறவில்லை. "தண்ணி கொதிக்கேக்கை நெருப்பைக் குறைச்சனீங்களோ, ரீச்சர்?"

இப்படியே போயிருக்கும், நஸீரா ராத்தாவின் மகளுக்குச் சம்பந்தம் வராதிருந்தால்.

கிண்ணியாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள். கச்சான் காற்று சுழற்றிச் சுழற்றி அடிக்கும் காலம். ராத்தா விடியற்காலையே இறைச்சி, புரியாணி என்று தொடங்கி, கடைசியாக வட்டிலப்பத்தை அவிய வைத்திருந்தார். தேங்காய்ப்பால், முட்டை, கித்துள் கருப்பட்டி எல்லாம் சேர்த்து அடித்து, பொறுமையாக அவிக்க வேண்டிய பண்டம் அது. அரைவாசி அவிந்தபோது சிலிண்டர் முடிந்துவிட்டது.

"புள்ள! காஸ் முடிஞ்சிட்டு! நான் என்ன செய்ய?" என்று மதிலுக்கு மேலால் அவர் குரல் கேட்டது.

நான் கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். அண்ணை பறந்து வந்தார். அவ்வளவு கெதியாக அவர் எங்கும் போய் நான் பார்த்ததில்லை. சிலிண்டரை மாற்றி, பூட்டி, பற்றவைத்துக் கொடுத்தார். ராத்தா அவரை வாழ்த்திய வாழ்த்து என் குசினிவரை கேட்டது. அந்த நேரம் வாசலில் வான் வந்து நின்றது. ராத்தா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு முன்பக்கம் ஓடினார். குசினியில் யாருமில்லை. வெறும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய அண்ணையின் கை, பழக்க தோசத்தில், திருகுக்குப் போயிருக்கிறது.

குறைத்துவிட்டு என் படலைக்கு வந்தார். பருப்புக்கு உப்பு எப்போது போடுவது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே பின் யன்னலால் வந்த கச்சான் காற்று, மிஞ்சியிருந்த பொட்டு நெருப்பை ஊதி அணைத்துவிட்டது. காஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது.

மூக்கில் பட்டது மாப்பிள்ளையின் தாய்க்குத்தான். "இது என்ன வாசம்?" என்று அவர் கேட்டதும், ராத்தா குசினிக்கு ஓடி, ரெகுலேட்டரை மூடி, பின்கதவைத் திறந்துவிட்டு, வீடு இடிய ஒரு சத்தம் போட்டார். அடுத்த கணம் இரண்டு குடும்பமும் ஒழுங்கையில் நின்றது. மாப்பிள்ளையின் தாய் செருப்பைக் கையில் பிடித்திருந்தார். மாப்பிள்ளை ஒரு தட்டுப் பலகாரத்தோடு நின்றார். ஓடும்போது வைக்க மறந்துவிட்டார் போலும். எங்கள் ஊர்த் தெருக்களில் மாடு போல மான் திரியும்; குப்பையில் மேய்ந்துகொண்டிருந்த ஒன்று அந்தத் தட்டை நோக்கி மெல்ல நடந்து வந்தது.

அண்ணை சிலிண்டரைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

"பயப்பட ஒண்டுமில்லை. எல்லாம் மூடியாச்சு." பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார்: "நான்தான் குறைச்சனான், ராத்தா."

ராத்தா அவரை மறித்து நின்றார். "நீங்க காஸ்காரனா, காலனா? என்ட புள்ளைய உசிரோட கொளுத்தப் பாத்தீங்களே! இனிமே சிலிண்டரை வாசலுக்கு வெளியால வச்சிட்டுப் போங்க. என்ட குசினிக்குள்ள கால் வைக்கப்படாது!"

அண்ணை தலையாட்டினார். வெறும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனார்.

ராத்தா வீட்டில் வாசம் அடங்கும்வரை அத்தனை பேரையும் என் வீட்டில்தான் இருத்தினோம். அன்றைக்கு என்னிடம் இருந்தது பாணும் பருப்பும் பிளேன்ரீயும். வட்டிலப்பத்துக்கு ஆயத்தமாக வந்தவர்கள் பாணைப் பருப்பில் தொட்டுச் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் தாய் மரியாதைக்கு, "பருப்புக்கு என்ன போட்டீங்க?" என்று கேட்டார். "தண்ணி" என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்குத் தெம்பு இருக்கவில்லை. அவர் சிரித்துவிட்டார். சிரித்ததோடு எல்லோருக்கும் பயமும் போனது. "உசிர் தப்பி ஒண்டா நிண்ட ஆக்கள், இனிச் சொந்தந்தானே" என்று சொல்லிக் கலியாணத்தையும் பேசி முடித்துவிட்டுத்தான் போனார்.

நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தோம். அண்ணைக்கு முடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் வருவார். சிலிண்டரை இறக்குவார், பூட்டுவார், சவர்க்கார நுரை தடவிச் சரிபார்ப்பார். பிறகு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "வாறன், தங்கச்சி" என்று போய்விடுவார். என் சட்டி முழு நெருப்பில் துள்ளிக்கொண்டிருக்கும்; அவர் திரும்பியும் பார்க்க மாட்டார்.

முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. பொய் சொல்லி என்ன! புத்திமதி இல்லாத ஒரு குசினி எவ்வளவு சுகம். பிறகு ஒருநாள் மீன்குழம்பு நன்றாக வந்துவிட்டது. எப்படி என்று எனக்கே தெரியாது, தானாக வந்தது. மகள் கைத்தொலைபேசியைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழும்பினாள். கணவருக்குச் சொன்னேன், கப்பலில் இணைப்பு விட்டு விட்டு வந்தது, அவருக்குக் கேட்கவில்லை. அப்போதுதான் யோசித்தேன். இத்தனை வருடத்தில் என் சட்டிக்குள் எட்டிப் பார்த்து, இது என்ன, இது எப்படி என்று கேட்ட ஒரே ஆள் அந்த மனுசன்தான்.

ஒழுங்கையும் ஊமையாகிவிட்டது. ரீச்சர் வீட்டில் என்ன கறி என்று எனக்குத் தெரியாது, என் வீட்டு வண்டுக் கதை யாருக்கும் தெரியாது.

ஒரு பின்னேரம் மதிலுக்கு மேலால் நஸீரா ராத்தாவின் தலை தெரிந்தது.

"புள்ள, அவர் கதைக்காமப் போறது எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. கலியாணத்துக்கு வந்தும் சமையல் பக்கமே வரல்ல. பந்திக்குள்ள கையைக் கட்டிட்டு இருந்தார், கண்டீங்களா?"

"ஓம், கண்டனான். நீங்களே கதைக்கலாமே, ராத்தா."

"ஏசின வாயால எப்படிப் புள்ள கூப்பிடுற? வெக்கமா இருக்கு. நீங்க கதைங்க."

எனக்கு இருக்கிற வேலை போதாதென்று இதுவும் ஒன்று. அடுத்த சிலிண்டர் வந்த அன்று கந்தோரில் கணக்குப் பரிசோதனை. முதுகு இரண்டாகப் பிளந்துவிடும் போல இருந்தது. சந்தையில் பாகற்காய் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அதை வெட்டிக்கொண்டிருந்தபோது அண்ணை வந்தார். பூட்டினார், சரிபார்த்தார், கையைக் கட்டினார்.

"அண்ணை, ஒருக்கால் நில்லுங்கோ. இந்தப் பாகற்காய் கசக்காம இருக்க என்ன செய்யலாம்?"

"எனக்குத் தெரியாது, தங்கச்சி."

"உங்களுக்குத் தெரியாம இருக்குமே? சொல்லுங்கோ."

"வேண்டாம். நான் சொன்னாப் பிழைச்சுப் போகும்." நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "அண்டைக்கு அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தா?"

"நடக்கேல்லைத்தானே. அவள் இப்ப கிண்ணியாவில நல்லா இருக்கிறாள். ராத்தாதான் உங்களோட கதைக்கச் சொன்னவ."

அவர் நிமிர்ந்தார். "ராத்தாவோ?"

"ஓம். எனக்கு இண்டைக்கு யோசிக்க ஏலாது, அண்ணை. முதுகும் நாரியும் நோகுது. நீங்கள் ஒண்டு சொல்லுங்கோ, நான் அதைச் செய்யிறன்."

சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, யாரோ காது கொடுத்துக் கேட்டுவிடப் போகிறார்கள் என்பது போல, மெல்லிய குரலில் சொன்னார்:

"வெந்தயத்தை நல்லாக் கறுக்க வறுத்து, இடிச்சுப் போட்டுப் பாருங்கோவன்."

கருகிய வெந்தயத்தைவிடக் கசப்பான ஒன்று என் குசினியில் இல்லை. இது எந்த வீட்டில் எந்தக் கறிக்குச் சொன்ன குறிப்போ, எந்தக் குலுக்கத்தில் பாகற்காயோடு கலந்ததோ, அவருக்கே வெளிச்சம். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் வெந்தய டின்னை எடுத்தேன். கறுக்கக் கறுக்க வறுத்தேன். இடித்துப் போட்டேன்.

"கொஞ்சம் காணாது" என்றார். இன்னும் கொஞ்சம் போட்டேன். கட்டியிருந்த கைகள் அப்போது தாமாக அவிழ்ந்து இடுப்புக்கு வந்தன.

அவர் போன பிறகு மதிலடிக்குப் போய்க் கூப்பிட்டேன். "ராத்தா, கதைச்சிட்டார்!"

"அல்ஹம்துலில்லாஹ்! என்ன சொன்னார்?"

"பாகற்காய்க்கு வறுத்த வெந்தயம்."

"அப்ப சரி" என்றார் ராத்தா. "ஆளுக்குச் சுகம் வந்திட்டு."

மகளுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தேன். அந்தக் கறியை அன்றைக்கும் மறுநாளும், ஒரு துண்டும் மிச்சம் வைக்காமல், நானே சாப்பிட்டு முடித்தேன்.