வெள்ளிக்கிழமைத் திருப்பக்காரர்

திருப்பக்காரர் என்றொரு இனம் இருக்கிறது. தொலைக்காட்சித் தொடர் பார்க்கிறவர்கள் எல்லாரையும் நான் சொல்லவில்லை. சொன்னால் என் வீட்டிலேயே எனக்குச் சாப்பாடு கிடைக்காது. தொடரைப் பார்த்து அழுகிறவர்கள், வில்லியைத் திட்டுகிறவர்கள், துணி மடித்துக்கொண்டே ஒரு கண்ணால் பார்க்கிறவர்கள், "நான் எங்க பார்க்கறேன், அவதான் போட்டு வைக்கிறா" என்று சொல்லிவிட்டுக் கதாநாயகியுடைய நாத்தனாரின் மாமியார் பெயர் வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறவர்கள், இவர்கள் எல்லாரும் சாது ஜனங்கள். இவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. நான் சொல்ல வந்தது வேறு. கதையில் யாருமே எதிர்பாராத ஒரு திருப்பம் வந்தால், அதை ஏதோ தானே முன்கூட்டி அனுமதி கொடுத்து அனுப்பி வைத்த தோரணையில் நாற்காலியில் சாய்ந்து உட்காருகிறாரே, அவர்தான் திருப்பக்காரர். உங்கள் தெருவிலும் ஒருவராவது இருப்பார். எங்கள் கட்டடத்துத் திருப்பக்காரர் முதல் மாடியில் இருக்கிறார், நான் அவருக்கு நேர் கீழே. அவருடைய டிவி போடுகிற சத்தத்தில் எனக்கென்று தனியாக ஒரு டிவி வாங்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

பல்செட் அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் அதைப் பார்த்து மெழுகில் ஈறு வடித்து, பல் பல்லாக அடுக்கி, தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பார். மயிரிழை பிசகினாலும் கடிக்கும்போது தெரிந்துவிடுமாம். அதனால் பகல் முழுக்க மனிதர் மகா நிதானம். ஒரு கடைவாய்ப் பல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் யோசிப்பார். ராத்திரி எட்டு மணி அடித்ததும் அந்த நிதானம் எங்கேதான் போய்த் தொலைகிறதோ, எனக்குத் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பாருங்கள். வெள்ளிக்கிழமைதான் திருப்ப நாள். மறுபடி திங்கட்கிழமைதானே வருவார்கள், அதுவரைக்கும் நம்மைத் தொங்கவிட வேண்டாமா? முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்த மர்ம ஆள் மெதுவாகத் திரும்புகிறான். டங், டங், டங். ஒரே முகத்தை மூன்று தடவை காட்டுகிறார்கள். பிறகு அறையில் இருக்கிற பதினோரு பேரின் முகத்தையும் வரிசையாகக் காட்டுகிறார்கள். எல்லாரும் வாயைப் பிளந்து நிற்கிறார்கள். அந்த இடத்தில்தான் என் வீட்டு உத்தரத்தில் 'படார்' என்று ஒரு சத்தம் கேட்கும். முதலில் பயந்தேன். இப்போது பழகிவிட்டது. அண்ணன் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்து காலைத் தரையில் ஊன்றுகிற சத்தம் அது.

"நான் அப்பவே சொன்னேன்ல!"

"எப்ப சொன்னீங்க?" என்பார் அண்ணி, ஸ்வெட்டர் பின்னுவதை நிறுத்தாமல்.

"போன மாசமே சொன்னேன். அவன் டீ குடிக்கிற விதமே சரியில்லைன்னு."

"நீங்க டிரைவரைச் சொன்னீங்க."

"டிரைவரையும் சொன்னேன்."

பொய் இல்லை. டிரைவரையும் சொன்னார். டாக்டரையும், பக்கத்து வீட்டு வக்கீலையும், சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கிழவரையும், சுவரில் மாட்டியிருக்கும் போட்டோவில் இருக்கிறவரையும் சொன்னார். தொடரில் மொத்தம் பதினான்கு பேர். பதினான்கு பேர் மேலும் சந்தேகப்பட்டு வைத்தால், யார் முதுகைத் திருப்பினால் என்ன? தோற்கவே முடியாத ஆட்டம் அது. அப்படியும் எப்போதாவது பதினைந்தாவதாகப் புதிதாக ஓர் ஆளைக் கொண்டுவந்து கவிழ்த்துவிடுவார்கள். அன்றைக்கு அண்ணன் தோற்றதாக நினைக்கிறீர்களா? "கதையை மாத்திட்டாங்க. முதல்ல டாக்டர்தான் வில்லன். நான் கண்டுபிடிச்சுட்டேன்னு மாத்திட்டாங்க" என்பார். பல்செட் கட்டுகிற ஒருவர் கண்டுபிடித்துவிட்டார் என்று ஒரு தயாரிப்பாளரும் இரண்டு டைரக்டர்களும் ராத்தூக்கம் இல்லாமல் தவித்திருக்கிறார்கள்!

இத்தனை வருஷ அனுபவத்தில் சில சட்டங்களையும் இயற்றி வைத்திருக்கிறார். காலையில் ரொம்பச் சிரிக்கிறவள் இடைவேளைக்குள் மாடிப்படியில் விழுவாள். லேசாக இருமினவர் வெள்ளிக்கிழமையைத் தாண்டமாட்டார். அமைதியாக, மரியாதையாக, எல்லாருக்கும் ஓடி ஓடி உதவி செய்கிறவன் எவனோ, அவன்தான் கடைசியில் குடும்பத்தைக் கவிழ்ப்பான். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு. உடம்பைக் காட்டாத வரைக்கும் யாரும் சாகவில்லை. கார் மலையிலிருந்து உருண்டால் என்ன, கப்பல் மூழ்கினால் என்ன, "பாடியைக் காட்டினாங்களா? காட்டலையே! அப்ப வருவான் பாரு" என்பார். வரத்தான் செய்வார்கள். சிலர் தாடியோடு வருவார்கள், சிலர் ஞாபகம் போய் வருவார்கள்.

இதெல்லாம் டிவிக்குள்ளேயே இருந்தவரைக்கும் யாருக்கு என்ன கஷ்டம்? நானும் கீழே படுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் திருப்பக்காரர் டிவியை அணைத்த பிறகும் அணைய மாட்டார். அதை நான் தெரிந்துகொண்டது அவர் மகள் விஷயத்தில்தான்.

மகள் ஒரு பார்சல் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், ஆறாவது மாடியில். ஒருநாள் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே அவள் ஒருத்தி. வெளியிலிருந்து ஒரு குரல், "பயப்படாதீங்க, பத்து நிமிஷம்" என்றது. சரியாகப் பத்தாவது நிமிஷம் கதவு திறந்தது. வெளியே கையெல்லாம் கிரீஸோடு லிஃப்ட் மெக்கானிக் நின்றிருந்தான். சொன்ன நேரத்துக்குச் சொன்ன வேலையைச் செய்கிற ஆணை அவள் அதற்கு முன் பார்த்ததில்லையாம். இரண்டு வருஷம் கழித்து, அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அம்மாவிடம் சொன்னாள். அண்ணி அதை விளம்பர இடைவேளை பார்த்துக் கணவரிடம் சொன்னார். அந்த வீட்டில் வாடகை உயர்வு, பல்வலி, உறவினர் சாவு எல்லாமே விளம்பர இடைவேளையில்தான் அறிவிக்கப்படும்.

அண்ணன் முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "லிஃப்ட் தானா நின்னுச்சா, அவன் நிறுத்தினானா?"

பையன் தன் அம்மாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். பேச்சுத்துணைக்கு ஓர் ஆள் இருக்கட்டும் என்று என்னையும் மேலே கூப்பிட்டிருந்தார்கள். பையன் அதிகம் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், தேநீர்க் கோப்பையைத் தானே எடுத்துப் போய்க் கழுவும் தொட்டியில் வைத்தான். அண்ணன் என் காதோடு, "பார்த்தியா? அமைதி, மரியாதை, உதவி. மூணும் இருக்கு" என்றார். அவன் அம்மா தையற்காரி. கணவர் போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது, ஒற்றை மிஷினை மிதித்து மகனை வளர்த்தவர். அண்ணன் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கு ஒரே பிள்ளைதானா?"

"ஆமாங்க, ஒருத்தன்தான்."

"பிரசவத்துல ஒண்ணுதானே பொறந்துச்சு? இரட்டை ஏதும் இல்லையே?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். "இல்லைங்களே."

"ஆஸ்பத்திரியில குழந்தை மாறிப் போறதெல்லாம் நடக்குது பாருங்க."

"நான் பெத்த பிள்ளையை எனக்குத் தெரியாதாங்க?"

"அப்படித்தான் எல்லா அம்மாவும் சொல்றாங்க" என்றார் அண்ணன். அண்ணி இருமிப் பார்த்தார். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் சமையலறை வாசலில் நின்று, "அப்பா" என்றாள். அவர் காதில் விழவில்லை.

"வீட்டுக்காரர் எப்படித் தவறினார்?"

"படகு கவிழ்ந்துடுச்சுங்க."

படகு! தண்ணீர்! அண்ணன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை எட்டேகாலுக்கு. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"பாடியைப் பார்த்தீங்களா?"

அந்த அம்மா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, "பார்த்தேங்க. மூணாவது நாள் கிடைச்சுது. முகத்துல இருந்த மண்ணை நான்தான் துடைச்சேன்" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. கேட்டவர் அவர், வெட்கம் எனக்கு. இத்தனை நாள் கீழே படுத்துக்கொண்டு சிரித்தேனே, அதற்கும் சேர்த்து. பையன் எழுந்து, "போலாம்மா" என்றான். அன்றைக்கு அவன் சொந்தமாகப் பேசிய ஒரே வார்த்தை அது. இருவரும் படியிறங்கிப் போன பிறகு அண்ணன் தலையை மெல்ல ஆட்டினார். "அப்பா பேச்சை எடுத்ததும் எழுந்துட்டான் பாரு. அங்கதான் விஷயம் இருக்கு."

மகள் நாலு நாள் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் எட்டு பத்துக்கு, விளம்பரமெல்லாம் வருவதற்கு முன்பே, டிவிக்கு நேர் முன்னால் வந்து நின்றாள். அந்த வீட்டில் இதுவரை யாரும் செய்யாத காரியம்.

"கொஞ்சம் நகரும்மா" என்றார் அண்ணன்.

அவள் நகரவில்லை. "அவங்க அம்மா கையைப் பிடிச்சு நான் மன்னிப்புக் கேட்டுட்டேன். அவங்க பெரிய மனசு, சரின்னுட்டாங்க. அடுத்த மாசம் பத்தாம் தேதி, பதினோரு மணிக்கு, பதிவு ஆபீஸ். நீங்க வராட்டியும் நான் கல்யாணம் பண்ணிக்குவேன். ஆனா நான் கையெழுத்துப் போடறதை நீங்க பார்க்கணும்ப்பா. உங்ககிட்ட வேற எதுவும் நான் கேட்டதில்லை." குரல் கடைசியில் உடைந்துவிட்டது.

அவர் ஒருவழியாக அவள் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. கல்நெஞ்சக்காரர் இல்லை அவர். அவள் சின்ன வயதில் விழுந்து பல் உடைந்தபோது வேலையைப் போட்டுவிட்டு ராத்திரி பகலாக மடியில் வைத்துக்கொண்டு இருந்தவர். "வரேன்டா கண்ணு. வராம இருப்பேனா?" என்றார்.

வந்தார். பத்து மணிக்கே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, புதுச் செருப்பு. சாட்சிக் கையெழுத்துப் போட நானும் போயிருந்தேன். சின்ன அறை; ஒரு மேஜை, மேலே கிறீச்சிடுகிற மின்விசிறி, மூக்குநுனியில் கண்ணாடி மாட்டிய ஓர் அதிகாரி அம்மாள். மேஜைக்கு அந்தப் பக்கம் பையனின் தாயார், இந்தப் பக்கம் அண்ணி, நடுவில் அவர்கள் இருவரும். அண்ணன் மகளுக்குப் பக்கத்திலேயே நின்றார். அதிகாரி அம்மாள் பெயர்களைப் படித்துவிட்டு, தினமும் பத்துத் தடவை சொல்லி அலுத்துப்போன குரலில், "இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார்.

அண்ணன் விறைத்துப் போனார். இந்தக் கேள்வியை அவர் தொடர்களில் ஆயிரம் தடவை கேட்டவர் அல்லவா? இந்தக் கேள்விக்குப் பிறகு என்ன நடக்கும் என்று இந்த உலகத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? மெதுவாக வாசல் பக்கம் திரும்பினார். என் மணிக்கட்டைப் பிடித்தார். "யாரோ வராங்க" என்றார். வராந்தாவில் உண்மையிலேயே காலடிச் சத்தம் கேட்டது. வேகமான காலடி. நெருங்கி வந்தது. கதவின் கைப்பிடி திரும்பியது. கதவு திறந்தது. மூச்சு வாங்க, வியர்த்து, கையில் ஒரு காகிதத்தோடு ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். அறை முழுக்க ஒரு பார்வை பார்த்தான்.

"பிறப்புச் சான்றிதழ் எந்த ரூம் சார்?"

"மாடியில" என்றார் அதிகாரி அம்மாள், நிமிராமல். கதவு சாத்திக்கொண்டது. அண்ணன் பெருமூச்சு விட்டு இந்தப் பக்கம் திரும்பியபோது பேனா மூடியிருந்தது.

அந்த நேரத்தில் அவர் மகள் கையெழுத்துப் போட்டிருந்தாள். போட்டுவிட்டு நிமிர்ந்து, அப்பா முகத்தைத் தேடியிருக்கிறாள். அவளுக்குக் கிடைத்தது அவருடைய பிடரி. ஒரு நொடி அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாளாம், பிறகு பேனாவை மூடிப் பையனிடம் கொடுத்தாளாம். இதெல்லாம் அண்ணி பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். மகள் அப்பாவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அதன் பிறகு அவரிடம் எதையும் கேட்பதில்லை. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. பையன் அதே அமைதி, அதே மரியாதை, வந்தால் குழாய் ஒழுகுவதைச் சரி பண்ணிவிட்டுப் போகிறான். அவனுக்கு இரட்டைச் சகோதரன் யாரும் வந்து சேரவில்லை. அண்ணன் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார்.

பாவம், என்று சொல்கிறீர்களா? சொல்லுங்கள். ஆனால் சாட்சிக்கென்றே போன நான் அந்தக் கையெழுத்தை ஏன் பார்க்கவில்லை என்று நீங்கள் இன்னும் என்னைக் கேட்கவில்லை. நானும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறென்ன? கேட்க உங்களுக்குத் தோன்றவில்லை என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். கைப்பிடி திரும்பியபோது நீங்களும் எங்களோடு அங்கேதான் நின்றீர்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு முதுகைக் காட்டியபடி.