வந்துசேர்ந்த உணர்வு

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் காரில் வருவது பெரிய காரியமல்ல. கடலை இடக்கைப் பக்கம் விட்டுக்கொண்டே வந்தால் ஊர் வந்துவிடும். இதுதான் கோளாறு என்று அரசு கண்டறிந்தது. ஜனங்கள் வந்துவிடுகிறார்கள், வந்துவிட்டோம் என்ற உணர்வு மட்டும் அவர்களுக்கு வருவதில்லை. கடற்கரைச் சாலையில் நின்று ஐஸ்கிரீம் தின்றுகொண்டே ஒருவர், "பாண்டி இன்னும் எவ்வளவு தூரம்?" என்று விசாரித்ததாகப் புகார் பதிவாகியிருந்தது. ரயிலில் வருகிறவர்களிடம் இந்தக் குறை காணப்படவில்லை. வண்டி அதற்குமேல் போகாது, இறங்கித்தான் ஆகவேண்டும்.

மேற்படி குறையைக் களையும் பொருட்டு வந்துசேர்தல் இயக்ககம் நிறுவப்பட்டது. அது முத்தியால்பேட்டை எல்லையில் ஒரு வரவேற்பு அரங்கைக் கட்டியது. மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, காகிதப்பூக் கொடி, வட்ட மேசைகள். வண்டியில் வருகிறவர்கள் இறங்கி உட்கார வேண்டும். சின்னக் கோப்பையில் பாலும் சர்க்கரையும் இல்லாத காபி தரப்படும். குடித்து முடித்ததும், "வந்துவிட்டதாக உணர்கிறீர்களா?" என்று கேட்கப்படும். உணர்ந்தால் போகலாம்.

காலாப்பட்டிலும் இதேபோல் ஓர் அரங்கு. ஏனென்றால் காலாப்பட்டு புதுச்சேரி. அதைத் தாண்டினால் தமிழ்நாடு. கோட்டக்குப்பம் முடிந்ததும் மறுபடி புதுச்சேரி. ஒரே பயணத்தில் இரண்டு முறை வருகிறவரை ஒரு முறை மட்டும் வரவேற்றால் தணிக்கையில் கேட்பார்கள்.

சிப்பந்திகளுக்கு இந்த ஊர்ப் போலீஸ்காரர்கள் அணிவதுபோல் சிவப்புத் தொப்பி என்று முடிவானது. தைக்கும் வேலை முத்தியால்பேட்டை டெய்லர் ஹிதாயத்துல்லாவுக்கு வந்தது. அவர் இரண்டு தெருவுக்குக் கேட்கும்படி பெருமைப்பட்டார்.

"போலீஸ் தொப்பிய இவங்க போட்டுக்கிட்டா போலீஸ்காரங்க என்னத்த போடுவாங்க?" என்று அவர் மனைவி ரமீஜா கேட்டாள்.

"அத கவர்மெண்ட் பாத்துக்கும். நீ நூல கோத்துக் குடு."

தொப்பிகள் போய்ச் சேர்ந்த மாதமே அவருடைய ஒரே மகள் ஸமீஹாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை அஸாருதீன் சென்னை. நிக்காஹ் பகல் பதினொரு மணிக்கு. அதை முடித்துவிட்டு, ஓதிவைக்கும் ஹஜ்ரத் மூலக்குளத்தில் இன்னொரு நிக்காஹுக்குப் போகவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஹிதாயத்துல்லா மண்டபத்து வாசலில் புது ஜிப்பாவோடு நின்றார். போன் வந்தது.

"மாமா, வந்துட்டோம்," என்றான் அஸாருதீன்.

"எங்க மாப்ள?"

"பாண்டிக்கு. காலாப்பட்டுல காபி குடுக்கறாங்க."

பிரியாணி தம்மில் ஏறியது. தம் பிரிக்கப்பட்டது. மறுபடி போன்.

"மாமா, மறுபடியும் வந்துட்டோம்."

ஹிதாயத்துல்லா ஸ்கூட்டரை எடுத்தார். முத்தியால்பேட்டை அரங்குக்கு முன்னால் நின்ற வண்டிகளின் வரிசை கோட்டக்குப்பத்துக்குள் நீண்டிருந்தது. மாப்பிள்ளை வேனைத் தேடி அவர் எல்லையைத் தாண்டிப் போனார். வேன் காலியாக நின்றது; எல்லாரையும் காபிக்கு இறக்கிவிட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது சிவப்புத் தொப்பி அணிந்த ஒரு பெண் ஸ்கூட்டரை மறித்தாள். தெருக்கோடி வீட்டுக் கவிநிலா.

"பாய், நீங்களா? வாங்க, உள்ள போய் உக்காருங்க."

"எம்மா, நான் டெய்லர்மா. உன் தலையில இருக்கறதே நான் தெச்சது."

"தெரியும் பாய். கொஞ்சம் இறுக்குது."

உள்ளே வட்ட மேசைகளைச் சுற்றி மாப்பிள்ளை வீட்டார் காலிக் கோப்பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். துணை இயக்குநர் ஹரிகிருஷ்ணன் எழுந்து நின்று கும்பிட்டார்.

"புதுச்சேரிக்கு வருக."

"நான் பொறந்ததே முத்தியால்பேட்டைங்க சார்."

"பிறந்தது வேறு, வந்தது வேறு. தாங்கள் இப்போது எங்கிருந்து வருகிறீர்கள்?"

"கோட்டக்குப்பத்துலேர்ந்து. இதோ, அந்த வேன் வரைக்கும் போயிட்டு."

"பார்த்தீர்களா? தாங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்."

காபி வந்தது. வேப்பிலைக் கஷாயத்துக்கு அண்ணன்போல் இருந்தது. ஹிதாயத்துல்லா ஒரே மடக்கில் விழுங்கினார்.

"வந்துவிட்டதாக உணர்கிறீர்களா?"

"உணர்றேன், உணர்றேன்!"

ஹரிகிருஷ்ணன் வருத்தத்தோடு தலையசைத்தார். "அவசரத்தில் சொல்லப்படும் ஆம் செல்லாது. இவருக்கு இன்னொரு காபி."

"இவங்களையாவது விடுங்க சார். மாப்ள வீட்டுக்காரங்க."

"அவர்களில் மூத்தவர் உணரவில்லை. குழுவாக வருகிறவர்கள் குழுவாகத்தான் உணர முடியும்."

மூத்தவர் அஸாருதீனின் பெரியத்தா, அப்பாவுக்கு அண்ணன். தொழுகை விட்டாலும் விடுவார், பொய் சொல்ல மாட்டார். காலாப்பட்டில் அவர் வேனிலேயே தூங்கிப்போனதால் அவரை யாரும் கேட்கவில்லை. "சம்பந்தி வூட்டு வாசல்ல எறங்கினாத்தாம்பா வந்த மாரி. காபி குடிச்சிட்டு வந்துட்டேன்னு எப்பிடி சொல்றது?" என்றார்.

ஹிதாயத்துல்லாவின் போன் அடித்தது. ஹஜ்ரத். "பாய், மூலக்குளத்துல கூப்பிட்டுக்கினே இருக்காங்க. பொண்ணுகிட்ட சம்மதம் வாங்கியாச்சி. பொண்ணப் பெத்தவரும் இல்ல, மாப்ளையும் இல்ல. நான் யாருக்கு ஓதறது?"

ஹிதாயத்துல்லாவுக்குக் கண் கலங்கியது. நிக்காஹ் நின்றுபோன பெண் என்ற பேச்சு மாலைக்குள் தெருவைச் சுற்றிவிடும். அஸாருதீன் எழுந்து வந்தான்.

"சார், உண்மையச் சொல்றேன். நிக்காஹ் முடிஞ்சாத்தான் எனக்கு வந்த மாதிரி இருக்கும்."

ஹரிகிருஷ்ணனின் முகம் மலர்ந்தது. "ஆக, தாமதத்துக்குக் காரணம் எங்கள் அரங்கு அல்ல. தங்கள் நிக்காஹ் முடியாததுதான். அதை இங்கேயே முடித்துவிட்டால் தடை நீங்கிவிடும் அல்லவா?"

யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க நேரமும் இல்லை. ஹிதாயத்துல்லா மகளுக்குப் போன் செய்தார்.

"எங்க அத்தா நிக்காஹ்?" என்றாள் ஸமீஹா.

"பார்டர்லம்மா. அந்த மஞ்ச செவுத்தாண்ட."

அழப்போகிறாள் என்று நினைத்தார்.

"அந்த காகிதப்பூ தெரியற மாதிரி போட்டோ எடுக்கச் சொல்லுங்க அத்தா."

ஹஜ்ரத் சாட்சிகள் இருவரோடு ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தார். எல்லையைத் தாண்டாததால் அவருக்குக் காபி இல்லை. மாப்பிள்ளையின் நண்பர்கள் பலர் வெறுந்தலையாக நிற்பதைப் பார்த்து, "தலைய மூடுங்கப்பா," என்றார். ஹரிகிருஷ்ணன் கிடங்கைத் திறக்கச் சொன்னார். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பட்டாளம் சூழ்ந்து நிற்க, ஹிதாயத்துல்லா மகளைக் கொடுத்தார், அஸாருதீன் ஏற்றுக்கொண்டான்.

"வந்துவிட்டதாக உணர்கிறீர்களா?"

பெரியத்தா யோசித்தார். "இப்ப, வந்த மாரிதான் இருக்கு," என்றார்.

தடுப்பு உயர்ந்தது.

அந்தப் போட்டோவை இயக்ககம் வெளியிட்டது. அடுத்த மாதமே முத்தியால்பேட்டையில் மண்டபங்கள் காலியாயின. நாலு வீடு தள்ளி இருந்த வெற்றிவேல், தன் மகள் கல்யாணத்துக்குச் சொந்தபந்தம் மொத்தத்தையும் பஸ்ஸில் ஏற்றிக் கோட்டக்குப்பத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து திரும்ப வரவழைத்தார். உள்ளூர் மண்டபத்தில் கல்யாணம் செய்தவர்களைப் பார்த்து, "பாவம், என்ன கஷ்டமோ" என்றார்கள். ஹிதாயத்துல்லா ராப்பகலாகத் தொப்பி தைத்தார். யோசனை கேட்டு வந்தவர்களிடம், "மொதல்ல செஞ்சது நாங்கதான்," என்று காகிதப்பூவுக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதுவரை சொல்லிக்கொடுத்தார்.

ஒருநாள் பட்டன் வாங்கக் கோட்டக்குப்பம் போய்த் திரும்பினார். அன்று அரசு விடுமுறை. அரங்கு பூட்டிக் கிடந்தது. வரிசை இல்லை, கவிநிலா இல்லை, யாரும் மறிக்கவில்லை. ஸ்கூட்டரை நிறுத்தி, நாலு பக்கமும் பார்த்து, ஹாரன்கூட அடித்துப் பார்த்தார். பிறகு மெதுவாக வீட்டுக்கு ஓட்டினார்.

ரமீஜா கதவைத் திறந்தாள். "வந்துட்டீங்களா?"

ஹிதாயத்துல்லா வாசற்படியிலேயே நின்றார்.

"அவசரத்துல சொன்னா செல்லாது," என்றார். "ஒரு காபி கொண்டா. பால் ஊத்தாத."