கொழும்புக்காய்

வெள்ளாடு கடைசி வாழைக்காய்த் துண்டையும் மென்று முடித்த பிறகுதான் சாரம்மாள் அடுக்களைக்குள் நுழைந்தாள். விருந்துக்காக நறுக்கி வைத்திருந்த பீர்க்கங்காய், பூசணிக்காய் எல்லாம் அதன் வயிற்றுக்குள் போயிருந்தன. மகள் லில்லியைப் பெண் கேட்டு அம்பாசமுத்திரத்திலிருந்து வருகிறவர்களின் வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

மிச்சம் இருந்தது தோல் மட்டும். அதுவும் புருஷன் நேசையா கண்ணில் படாமல் பானைக்குள் மூடி வைத்திருந்ததால் தப்பியது. பாளையங்கோட்டையில் வாத்தியார் வேலை பார்க்கும் மனிதர். இன்றைக்குத் தோல், கொட்டை என்று எதுவும் இலைக்கு வரக்கூடாது, மானம் போய்விடும் என்று காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சாரம்மாளுக்கோ தோலைக் குப்பையில் போடுவதும் பெற்ற பிள்ளையைக் குப்பையில் போடுவதும் ஒன்றுதான்.

வந்தவர்களை நேசையா பேச்சில் பிடித்து வைத்திருந்த நேரத்தில், பீர்க்கந்தோலை உளுந்தோடு வதக்கித் துவையல் அரைத்தாள். வாழைக்காய்த் தோலைப் பொடியாக நறுக்கித் தேங்காய்ப்பூ தூவிப் பொரியல் செய்தாள். பூசணித் தோலும் போன வாரத்துப் பலாப்பழத்தின் கொட்டையும் புளிக்குழம்பில் குதித்தன. ஆனி மாதச் சாரல் காற்றில் வாசம் தெருவையே சுற்றி வந்தது. பயத்துக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளதைச் சொன்னால், காய் போனதில் அவளுக்கு வருத்தமே இல்லை.

பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா இன்பமணி இலையை உற்றுப் பார்த்தாள். கை வைக்கவில்லை. பெண் கேட்டு வந்த வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். பிறகு பின்வாங்க முடியாது.

"இது என்ன காய்?"

இலையைப் பார்த்ததுமே நேசையாவுக்கு விஷயம் புரிந்து வேர்த்துவிட்டது. "கொழும்புக்காய். தூத்துக்குடிக்குக் கப்பல்ல வந்திச்சு" என்றார்.

துவையலைக் காட்டிக் கேட்டாள். அது கொழும்புக்கீரை. குழம்பில் கிடந்த கொட்டையைக் காட்டினாள். அது கொழும்புப் பாதாம். அந்த மரம் உயரமா குட்டையா என்று அவள் கேட்டதும் நேசையா தண்ணீர் கொண்டுவர ஓடினார்.

மாப்பிள்ளையின் அப்பா அப்பாத்துரை அதுவரை இலை ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். கொழும்பு என்று காதில் விழுந்ததுதான் தாமதம், சோற்றைப் பிசைந்து வாய் நிறையப் போட்டுக்கொண்டார்.

"பொறுங்கன்னு சொன்னேம்லா" என்று இன்பமணி பல்லைக் கடித்தாள். பிறகு சாரம்மாள் பக்கம் திரும்பினாள். "இவுக நனைச்சா என்ன, நான் இன்னும் கை நனைக்கல. கப்பல்ல வந்த காயைத் திங்குத பொண்ணு எங்களுக்குத் தோதுப்படாது. நாங்க தோலைக்கூட வீணாக்க மாட்டோம்."

கதவுக்குப் பின்னால் லில்லி விசும்புவது கேட்டது. சாரம்மாள் கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டாள். மானமாவது மண்ணாவது.

"கொழும்புமில்ல, கப்பலுமில்ல மைனி. அம்புட்டும் தோலு."

ஆட்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

இன்பமணியின் முகம் மலர்ந்தது. ஒரு வாய் அள்ளிப் போட்டாள். மறு வாய்க்குக் கண்ணை மூடிக்கொண்டாள். தோல் சமைக்கத் தெரிந்த வீடு தேடித்தான் ஊர் ஊராக அலைந்ததாகவும், லில்லி இனி தன் மகள் என்றும் சொல்லி, இன்னும் கொஞ்சம் துவையல் கேட்டாள். செம்போடு வந்த நேசையா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அங்கேயே நின்றார்.

அப்பாத்துரை மட்டும் பிசைந்த சோற்றில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். கை கழுவ சாரம்மாள் தண்ணீர் ஊற்றியபோது, பெண்சாதி காதில் விழாமல் மெதுவாகச் சொன்னார்:

"மருமவளாவது வந்து எனக்குக் காயைக் கண்ணுல காட்டுவான்னு நம்பித்தாம்மா அவசரமா கையை நனைச்சேன்."