தீர்மானத்தில் இல்லாத கன்றுக்குட்டி

எனக்குப் பேயிடம் பயமில்லை, பார்த்ததில்லை. மாட்டிடம் உண்டு, பார்த்திருக்கிறேன். ஆனால் இருபத்திரண்டு வயதில் சமூகசேவைக் காய்ச்சல் பிடித்தவன் இதை வெளியில் சொல்ல முடியுமா?

ஏழைக் குடும்பங்களைக் கைதூக்கிவிட மயிலாப்பூரில் ஒரு சங்கம் வைத்திருந்தோம். அரிசி கொடுத்தால் நாலு நாளில் தீர்ந்துபோகிறது, பிழைக்க ஒரு வழி கொடுப்போம் என்று தீர்மானம் போட்டோம். முதலாவதாக, கால்வாய் ஓரக் குடிசையில் மூன்று குழந்தைகளோடு தவித்த முனியம்மாவுக்கு 'ஒரு கறவை மாடு'. வாங்கிவரும் வேலை உதவிக் காரியதரிசியான என் தலையில் விழுந்தது.

சைதாப்பேட்டையில் மாட்டை விற்றவர் நல்ல மனுஷர். "கன்னையும் இட்டுக்கினு போ நைனா. அது இல்லாங்காட்டி பால் உடாது" என்றார்.

இருக்கிற பாலையும் குடித்துத் தீர்க்கும் ஒரு ஜீவனை என் தலையில் கட்டப் பார்க்கிறாரே! "தீர்மானத்துல ஒரு மாடுன்னுதான் போட்டிருக்கு" என்றேன். (பி.ஏ. படித்த திமிர், வேறென்ன?) அவர் தலையில் அடித்துக்கொண்டு, மாட்டைக் கம்பால் தட்டித் தட்டி மயிலாப்பூர் வரை ஓட்டிவந்து விட்டுப் போனார்.

சாயங்காலம் தலைவரின் பங்களா வாசலில் வைபவம். தலைவர் பெரிய வக்கீல். அவர் செருமினாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கயிறு என் கையில். நழுவிவிடுமோ என்ற பயத்தில் மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தேன். கொம்பு இரண்டும் என் வயிற்றையே அளவெடுத்தன.

முனியம்மா சொம்போடு உட்கார்ந்தாள். மாடு உதைத்தது. மறுபடி உட்கார்ந்தாள். சொம்பு பறந்தது. ஒரு சொட்டுப் பால் இல்லை.

தலைவர் எழுந்துவிட்டார். "நன்னாயிருக்கு! கறக்கவே தெரியாதவளுக்கு மாடா? திருப்பி அனுப்பிடுங்கோ. இந்தத் திட்டமே வேண்டாம்."

"எனுக்கா சாமி கறக்கத் தெரியாது?" முனியம்மாவின் குரல் உடைந்தது. "மாடு வருதுன்னு பாத்திரம் தேய்ச்சிக்கினு இருந்த ரெண்டு வூட்டையும் உட்டுட்டேனே!" சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "கன்னு எங்க கீது?"

உண்மையைச் சொன்னால் நான் தொலைந்தேன். மறைத்தால் அவள் தொலைந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு மறைக்க முடியவில்லை. தலைவர் பக்கம் திரும்பினேன்.

"சைதாப்பேட்டையில இருக்கு சார். தீர்மானத்துல கன்னுக்குட்டி இல்லேன்னு..."

நான் முடிப்பதற்குள் மாடு சைதாப்பேட்டைக்குக் கிளம்பிவிட்டது. கூடவே நானும்.

"கயித்த உடுய்யா!" என்று தெருவே கத்தியது. விடத்தான் ஆசை. மூன்று சுற்றுச் சுற்றியவன் எப்படி விடுவான்? ஜட்கா வண்டிகள் ஒதுங்கின. எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். ஒரு செருப்பு, மூக்குக்கண்ணாடி, அங்கவஸ்திரத்தில் பாதி எல்லாம் வழியில் போயின. உயிர் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டு வந்தது.

முனியம்மாவையும் ஏற்றிக்கொண்டு தலைவரின் மோட்டார் சைதாப்பேட்டைக்கு வந்து சேர்ந்தபோது கன்று முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. இரண்டு வாய் குடிக்கவிட்டு அதை விலக்கி, முனியம்மா கறந்தாள். சொம்பு நுரைத்து வழிந்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். தலைவர் சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாடு அவளுக்குத்தான். நீ கன்னுக்குட்டியைத் தூக்கிண்டு நட" என்றார்.

தோளில் கன்று, பின்னால் முழத் தூரத்தில் இரண்டு கொம்பு. "கீழ போட்டுடாத சாமி, முட்டிடும்!" என்று முனியம்மா வழியெல்லாம் தைரியம் சொன்னாள். மயிலாப்பூர் வரை நான் மூச்சு விட்டதாக ஞாபகமில்லை.

சில வருஷங்களில் அவளிடம் ஆறு மாடுகள். எங்கள் தெருவுக்கே அவள் பால்தான். எனக்குக் கல்யாணமான முதல் வாரமே, பால் ஊற்றிக்கொண்டே என் மனைவியிடம் சொல்லிவிட்டாள்: "சாமிதான் எனுக்கு மொத மாட்ட ஓட்டியாந்ததுன்னு சொல்லிக்கினு இருக்கும். நம்பாத தாயி. மாடுதான் சாமிய ஓட்டிக்கினு போச்சு."

இப்போதும் நான் கடைக்குப் போய்த் திரும்பினால் மனைவி வாசலிலேயே கேட்கிறாள்: "இன்னிக்கு யாரு உங்களை ஓட்டிண்டு வந்தா?"