புள்ளி, அம்பு, பிராக்கெட்

"மாப்பிள்ளை, கதவு திறக்க மாட்டேங்குது!"

அறைக்குள்ளிருந்து மாமனார் கூப்பிட்டபோது புரோகிராமருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். கரண்ட் இருக்கும்வரை யானையே மோதினாலும் அசையாத, கம்ப்யூட்டரில் கட்டளை அடித்தால் மட்டும் திறக்கும் மின்பூட்டை நேற்றுத்தான் மாட்டியிருந்தார். ஏழு கணினி மொழிகள் தெரிந்த அவரைப் பற்றி, "நாள் முழுக்க டைப் அடிக்கிறாரு" என்பதற்கு மேல் எட்டு வருஷமாக ஒரு வார்த்தை சொல்லாதவர், ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியனான அந்த மாமனார். இன்றைக்கு விட்டால் இன்னொரு நாள் வாய்க்குமா?

"பேத்தியும் என்கூட மாட்டிக்கிட்டா, மாப்பிள்ளை."

"ரெண்டே நிமிஷம் மாமா!" லேப்டாப்பும் கையுமாகக் கதவுக்கு வெளியே சம்மணம் போட்டார். "முதல்ல பொருளோட பேரு, அப்புறம் ஒரு புள்ளி, அப்புறம் அது செய்யவேண்டிய வேலை. கதவு, புள்ளி, திற. அவ்வளவுதான்!"

கதவு அசையவில்லை. அப்படி ஒரு வேலை இருப்பதாக மட்டும் திரை பணிவாகத் தெரிவித்தது.

"ஆபீஸ் மொழியில வேலையோட பேரைச் சொன்னாலே நடந்துடும் மாமா. இது வேற மொழி. புள்ளிக்குப் பதிலா அம்புக்குறி போடணும்."

போட்டார். திரை முழுக்கச் சிவப்பாக வசவு வந்தது.

"ஏழு மொழி தெரியும், நம்ம வீட்டுக் கதவுக்கு எந்த மொழின்னு தெரியலையாக்கும்?" என்றாள் மனைவி.

"புள்ளி சரிதான்டி! பின்னால பிராக்கெட் போடணும். அப்பத்தான் அது நம்ம பேச்சைக் கேட்கும்."

கேட்டது, வாசல் கேட். அதையும் அதே கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தவர், அவசரத்தில் கதவின் பெயருக்குப் பதிலாகக் கேட்டின் பெயரை அடித்திருந்தார். கேட் விரியத் திறந்துகொள்ள, நாய் தெருவுக்குப் பாய்ந்தது. நாயின் பின்னால் மனைவி ஓடினாள்.

உள்ளே சத்தமே இல்லை. பயந்துவிட்டார்களோ? புரோகிராமர் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தார். கதவு, புள்ளி, திற, பிராக்கெட். திரை முணுமுணுக்கவில்லை. கைப்பிடியைத் தள்ளினார். கதவு திறந்தது!

கட்டிலில் செஸ் பலகை. பாதிக் காய்கள் வெட்டுப்பட்டுக் கிடந்தன. மாமனார் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கெட்டிக்காரர் மாப்பிள்ளை நீங்க!"

எட்டு வருஷத்தில் முதல் தடவை. நாயை இழுத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்த மனைவியிடம், "உங்கப்பா சொன்னதைக் கேட்டியா?" என்று நெஞ்சை நிமிர்த்தினார் புரோகிராமர்.

மகள் குதிரையை நகர்த்தியபடி தலை நிமிராமல் சொன்னாள்:

"தாத்தா அப்பவே பூட்டோட பிளக்கைப் புடுங்கிட்டாருப்பா. 'உங்கப்பா ஆசையாப் பண்றாரு, முடிக்கட்டும்'னு என்னையும் உக்கார வெச்சுட்டாரு."