மாமனார் இருமலுக்கு நான் கண்டுபிடித்த காரணங்கள்

ஒருவர் இருமினால் பக்கத்தில் இருப்பவர் உடனே டாக்டர் ஆகிவிடுகிறார். இதற்குப் படிப்பு வேண்டியதில்லை, இருமுகிறவருக்குச் சொந்தக்காரராக இருந்தால் போதும். எனக்குச் சொந்தமும் இருந்தது, படிப்பும் இருந்தது. என் மாமனார் எல்லப்பனுக்கு நேர்ந்த கஷ்டமெல்லாம் இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டதால் நேர்ந்தது.

படிப்பு என்று நான் சொல்வது பட்டத்தை அல்ல. பொன்னேரியில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் புத்தகம் எடுக்க வராத நேரத்தில் (அதாவது பெரும்பாலான நேரத்தில்) நானே எடுத்து வாசித்துவிடுவேன். அதோடு பழவேற்காட்டு ஏரிக்கரையின் சரித்திரத்தைத் தொகுக்கும் பழக்கமும் உண்டு. எந்தக் கப்பல் எந்த ஆண்டு வந்தது, எந்தப் புயல் எந்தக் கிழமை அடித்தது, டச்சுக்காரர் கல்லறையில் எந்தக் கல்லின் தேதியில் எனக்குச் சந்தேகம் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். தெரிந்ததை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் கிடையாது.

கல்யாணமான புதிதில் சனிக்கிழமை தவறாமல் செல்வியும் நானும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவோம். ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பம். பெயரைச் சொல்லவில்லை, அங்கே எனக்கு இருக்கும் புகழ் போதும். தோணிரேவு என்ற ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புது மாப்பிள்ளை மரியாதை என்றால் என்ன என்பதை அந்த வீட்டில்தான் பார்க்க வேண்டும். எனக்கு நாற்காலி, மாமனாருக்குப் பாய். நண்டில் சதை உள்ள பக்கம் எனக்கு, கால்கள் அவருக்கு. நான் பேச ஆரம்பித்தால் அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டார். தலையை மட்டும் ஆட்டுவார். கொஞ்ச நேரம் ஆட்டியபின் இருமுவார்.

முதலில் லேசாகத்தான் இருந்தது. கார்த்திகை பிறந்தபோது அது தொடர் இருமலாகிவிட்டது. இருமிக்கொண்டே எழுந்து வெளியே போவார். வலை உலர்த்தியிருக்கும் பக்கம் நின்று, நான் இரண்டாவது டீ குடித்து முடித்த பிறகு திரும்பி வருவார்.

"ஒண்ணும் இல்ல மாப்ள, தொண்ட கம்மிக்கினு கீது. நீங்க சொல்லுங்க" என்பார்.

நான் விட்ட இடத்திலிருந்து சொல்வேன். மறுபடி இருமல்.

இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன கல்லா? அந்த வாரமே இருமலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். இருமலுக்கு இத்தனை காரணங்கள் இருக்கும்போது மனிதர்கள் இருமாமல் இருப்பதுதான் அதிசயம் என்று தோன்றியது.

முதல் சந்தேகம் அடுப்புப் புகை. அடுப்பை வீட்டுக்கு வெளியே வைக்கச் சொன்னேன். வடகிழக்குப் பருவமழை அந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டது. அத்தை (என் மாமியார் மல்லிகா, வாயில்லாப் பூச்சி என்று அப்போது நான் நினைத்திருந்த பெண்மணி) ஈர விறகை ஊதி ஊதித் தானும் இரும ஆரம்பித்தார். அடுத்து வாடைக் காற்று. மாமனாருக்கு ஒரு குரங்குக் குல்லா வாங்கிக் கொடுத்தேன். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரிலும் காற்றிலும் நின்ற மனிதர், மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது என்பதற்காக அதைப் போட்டுக்கொண்டு படகேறினார். தெருப் பிள்ளைகள் கரையோடு கூடவே ஓடினார்கள். வயிற்றுப் புளிப்பு மேலே ஏறினாலும் இருமல் வருமாம். எனவே கட்டிலின் தலைப்பக்கம் செங்கல் வைத்து உயர்த்தினேன். அவர் சறுக்கிச் சறுக்கிக் காலையில் கட்டிலின் கால்மாட்டில் மூட்டைபோலக் கிடந்தார். கடைசியாக, ஒவ்வாமையாக இருக்கலாம் என்று இறால் சாப்பிடுவதை நிறுத்தச் சொன்னேன்.

அன்றைக்குத்தான் அவர் முகத்தில் முதல் முறையாக வருத்தத்தைப் பார்த்தேன். "இறாலா மாப்ள?" என்று மட்டும் கேட்டார். பிறகு நிறுத்திவிட்டார்.

என் ஆராய்ச்சியில் ஒரு முக்கியமான கண்டுபிடிப்பும் உண்டு. அந்த இருமல் சனி, ஞாயிறுகளில்தான் வருகிறது என்பதை முதலில் கவனித்தது நான்தான். வாரநாட்களில் செல்வி போன் செய்து கேட்டால், "நைனா நல்லாத்தான் கீறாரு" என்றே பதில் வரும். விடுமுறை நாட்களில் மட்டும் வரும் இருமலுக்கு என்ன காரணம் இருக்க முடியும்? நிறைய யோசித்து, ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பில் போடும் மசாலா என்று முடிவு செய்தேன். (சிரிக்காதீர்கள். அன்றைக்கு அது மிகவும் அறிவுப்பூர்வமாகப் பட்டது.)

கோழியும் நின்றது. இருமல் நிற்கவில்லை.

செல்வி ஒருநாள், "நைனாவ கொஞ்சம் சும்மா விடுங்க, தானா சரியாப் போயிடும்" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவின் நோயைத் தாங்க முடியாத மகளின் வேதனை என்று எடுத்துக்கொண்டேன்.

பொன்னேரியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போய் எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் வாலிபன் மாதிரி இருக்கிறது என்றார். எனக்குத் திருப்தி இல்லை. இரத்தம், சளி, காது, மூக்கு எல்லாவற்றையும் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். டாக்டர் என்னைத்தான் கொஞ்சநேரம் பரிசோதிப்பதுபோலப் பார்த்தார். மாமனார் அங்கே ஒரு தடவைகூட இருமவில்லை. டாக்டர் என்னைப் பேச விடாததும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். குப்பத்துக்குத் திரும்பியதும் நேராக டீக்கடைக்குப் போனேன். மாமனாரோடு ஒரே படகில் போகிற தேசப்பன் அங்கே இருந்தார். அவருக்கும், படகில் இருக்கும் மற்ற இரண்டு பேருக்கும் இருமல் உண்டா, சாயங்காலம் காய்ச்சல் அடிக்கிறதா, எடை குறைகிறதா என்று விசாரித்தேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையாமே என்று அவர் கேட்டார். "எக்ஸ்ரேயில் தெரியாத வகைகளும் இருக்கின்றன" என்று சொல்லிவிட்டு வந்தேன். தேசப்பன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முகத்துவாரத்துக்குப் பக்கம், இறால் நன்றாக விழும் இடங்களைப் பாடு என்பார்கள். அங்கே நினைத்தவர் நினைத்த நாளில் வலை கட்ட முடியாது. ஊர் கூடி முறை வைத்திருக்கும். உங்கள் முறை வரும் நாளில்தான் நீங்கள் இறங்கலாம். விட்டால் அடுத்த முறை வரும்வரை மற்றவர்கள் அள்ளுவதைக் கரையில் இருந்து பார்க்கலாம். மழை ஓய்ந்து இறால் திரளும் அந்தத் தை மாதத்தில் மாமனாருக்கு முறை வந்திருந்தது. வருஷத்தில் அவர் எதிர்பார்த்துக் கிடந்தது அந்த ஒன்றைத்தான்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் எதிரே ஊர் கூடியது. தேசப்பன் எழுந்து, மாமனாரைப் படகில் ஏற்ற முடியாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் மோசம்.

"அண்ணன் மேல எனக்கு மரியாத கீது. ஆனா நாலு பேரும் ஒரே சொம்புல தண்ணி குடிக்கிறோம். எனக்கும் புள்ளைங்க கீதுங்க. அவரு மாப்ளையே பெரிய வியாதினு சொல்றாரு. படிச்சவரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் இடத்தில் வேறு ஆளைப் போட்டுக்கொள்ளத் தேசப்பன் ஊரின் சம்மதத்தைக் கேட்டார். மாமனார் துண்டை மடியில் வைத்து மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தார். ஊர்த் தலைவரான பெரியதனக்காரர், நல்ல வயதானவர், அதிகம் பேசாதவர், "எல்லப்பா, நீ இன்னா சொல்ற?" என்றார். மாமனார் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "ஊரு சொல்றபடி" என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. எழுந்தேன். அவரைக் காப்பாற்றுவது என் கடமை. ஆதாரத்தோடு பேசினால் யார் மறுக்க முடியும்? "இந்த இருமலின் வரலாற்றை முதலிலிருந்து பார்ப்போம்" என்று தொடங்கினேன். "ஐப்பசி மாதம், அடைமழை பிடித்த வாரம், ஒரு சனிக்கிழமை..."

மாமனார் இருமினார்.

பக்கத்தில் இருந்தவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். நான் குரலை உயர்த்தி, அந்தச் சனிக்கிழமை அமாவாசைக்கு முந்தியதா பிந்தியதா என்பதில் இருக்கும் குழப்பத்தை விளக்கினேன். இருமல் பலத்தது. தேசப்பன் கையை விரித்து, பாருங்கள் என்பதுபோல ஊரைப் பார்த்தார். நான் கார்த்திகைக்கு வந்தபோது மாமனாரைச் சுற்றி ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு இடம் காலியாகிவிட்டது.

அப்போதுதான் கூட்டத்தின் ஓரத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"இன்னாத்துக்குய்யா இன்னும் மறைக்கிற? பாடு போவுது. மாப்ள மரியாதயக் கட்டிக்கினு அழுவப் போறியா?"

மாமனார், "சும்மா இரு மல்லி" என்றார். இருமல் சட்டென்று நின்றிருந்தது.

"இன்னா சும்மா இருக்கறது? அடுப்ப மழையில வச்சேன், சும்மா இருந்தேன். இறாலு இல்லாம பொங்கிப் போட்டேன், சும்மா இருந்தேன்." ஊரைப் பார்த்துத் திரும்பினார். "இவருக்கு நோவும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. மாப்ள வருஷம் தேதினு ஆரம்பிச்சா இவுருக்கு இருமல் வந்துடும். எழுந்து போனா மரியாத இல்ல, உக்காந்துகினே தூங்கினாலும் மரியாத இல்ல. இருமினா வெளிய போவலாம் இல்ல? அதான்."

செல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அதுவும் தவறான நோயறிதல்.

பெரியதனக்காரர் தாடையைத் தடவினார். "மாப்ள, கொஞ்சம் பேசுங்க" என்றார்.

"என்ன பேச?"

"எப்பவும் பேசறதுதான்."

வேறு என்ன செய்வது? டச்சுக்காரர் இந்தக் கரையில் முதலில் இறங்கிய ஆண்டைப் பற்றிச் சொன்னேன். அதற்கு அடுத்த ஆண்டுதான் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றேன். மாமனார் உதட்டைக் கடித்து, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துப் பார்த்தார். அடுத்த ஆண்டுக்காரர்களின் வாதத்தை நான் விவரிக்கத் தொடங்கியதும் பாவம், வந்துவிட்டது. பெரியதனக்காரர் கையைக் காட்டினார். நிறுத்தினேன். இருமலும் நின்றது. மறுபடி பேசச் சொன்னார். பேசினேன். இருமல் வந்தது.

மூன்றாவது முறை பேசியபோது இருமியது மாமனார் இல்லை. பெரியதனக்காரர்.

அவரை அடுத்து அவர் பக்கத்தில் இருந்தவர், பிறகு பின்வரிசை. தேசப்பன்கூட ஒருமுறை தொண்டையைச் செருமினார். நான் மட்டும் நடுவில், இரும வேண்டிய அவசியம் இல்லாத ஒரே மனிதனாக நின்றிருந்தேன்.

"இது ஊருக்கே கீது. எல்லப்பா, நீ பாட்டுக்குப் போ" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அவர் எழுந்துவிட்டார்.

மாமனார் போனார். நல்ல இறால் விழுந்தது என்று கேள்விப்பட்டேன். அதை அவரும் சாப்பிட்டார் என்றும் கேள்விப்பட்டேன்.

ஊர் கூடிய அன்று மாலை என்னைப் பஸ் ஏற்றிவிட வந்த மாமனார் வழியெல்லாம் தலைகுனிந்தே நடந்தார். மாப்பிள்ளையை ஊர்முன் அவமானப்படுத்திவிட்டோமே என்ற வருத்தம் அவருக்கு. பஸ் வந்தபோது, "அந்த டச்சுக்காரன் கதய அடுத்த வாரம் முழுசா கேக்கணும் மாப்ள" என்றார். இவ்வளவுக்குப் பிறகும் அப்படிச் சொல்ல ஒரு மனிதரால் முடிந்தது.

இப்போது அந்தக் குப்பத்தில் யாராவது நீட்டி முழக்கினால், எதிரில் இருப்பவர் தொண்டையைச் செருமிவிட்டு, "மாப்ள இருமல் வந்துச்சுப்பா" என்று எழுந்துவிடுகிறார். கோயில் திருவிழாவில் பேச வந்த ஒரு பிரமுகர், ஊரில் இத்தனை பேருக்குச் சளி பிடித்திருக்கிறதே என்று மைக்கிலேயே கவலைப்பட்டார்.

போன மார்கழியில் மாமனாருக்கு உண்மையாகவே சளி பிடித்தது. நான் ஒரு பழைய கலங்கரை விளக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இருமினார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் பதறிப்போய்க் கையை ஆட்டினார்.

"ஐயோ, இது நெஜ இருமல் மாப்ள. தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சொல்லுங்க."

சொன்னேன். விளக்கு முதலில் ஏற்றப்பட்டது எந்த மாதம் என்ற இடத்துக்கு வந்தபோது அவர் இன்னும் இரண்டு முறை இருமினார். பிறகு எழுந்து, வலை உலர்த்தியிருக்கும் பக்கம் போய் நின்றார்.

அந்த இரண்டு இருமலுக்கு மட்டும் நான் காரணம் தேடவில்லை.